கைப்பிடி அரிசி

காஜா பெராங், மலாக்கா
1952 நவம்பர் 18

கர்த்தருக்குள் என் அன்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, கடலுக்கு இந்தப் பக்கமிருந்து பாக்கியத்தாயின் தோத்திரம். நான் சரீரத்தில் சுகம். நீங்களும் சின்னவள் ஜெயாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். ஜெயாவுக்கு இருமல் நின்றதா என்று நீங்கள் எழுதவே இல்லை.

உங்கள் கடிதம் வந்தது. ஒருமுறை வாசித்தேன், மறுபடி எடுக்கப் பிடிக்கவில்லை. இங்குள்ள குருவானவர் எழுதியதை வைத்து நீங்கள் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டீர்கள். கட்டிய பெண்டாட்டியிடம் என்ன நடந்தது என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்காவிட்டாலும் சொல்லுகிறேன்.

இந்த நாட்டில் இப்போது அவசரகாலச் சட்டம். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு மணி அரிசி போகக்கூடாது என்று தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயங்களைச் சுற்றி முள்கம்பி அடித்து, வாசலில் போலீசை நிறுத்தியிருக்கிறார்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் மத்தியானச் சோறுகூட வெளியே கொண்டுபோக முடியாது. வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்துதான் அரிசி. தோட்டத்துப் பெண்களுக்கு வேதம் சொல்ல என்னைக் கப்பலேற்றிய நம் மாதர் சங்கத்துக்கு இதெல்லாம் தெரியுமோ தெரியாதோ, எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் என்னை விட்டார்கள். போன இடத்தில் சும்மா இருந்தேனா? நம் ஊரில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்து வைப்போமே, அந்த வழக்கத்தை அங்கேயும் சொல்லிக்கொடுத்தேன். பூங்காவனம் என்று ஒருத்தி, பால்வெட்டுகிறவள், புருஷன் செத்துப்போனான், இரண்டு பிள்ளைகள். ஞானஸ்நானம்கூட எடுக்காதவள். அவள் வீட்டு பிஸ்கட் டின்னில்தான் எல்லாரும் அரிசியைக் கொண்டுவந்து போட்டார்கள். அரைவயிறு சாப்பிடுகிறவர்கள், அத்தான். அதிலும் ஒரு பிடி எடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊருக்கு வந்து சங்கத்தில் இதை எப்படிச் சொல்லவேண்டும் என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன்.

அரிசியை டவுன் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு நான் புறப்படுகிற அன்று பூங்காவனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேணாம்மா, கேட்டுல பாத்தாங்கன்னா உள்ள தூக்கிப் போட்டுருவாங்க, இங்கயே கஞ்சி காய்ச்சி புள்ளைங்களுக்கு ஊத்திருவோம்மா என்று கெஞ்சினாள். காணிக்கையில் எவன் கை வைப்பான், உனக்கு விசுவாசம் போதாது என்று அதட்டிவிட்டு, அரிசியைத் துணியில் முடிந்து வேதபுத்தகத்துக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

வாசலிலேயே பிடித்தார்கள். யாருக்கு இந்த அரிசி என்று கேட்டார்கள். ஏழைகளுக்கு என்றேன். எந்த ஏழைகள், எந்தக் காட்டில் இருக்கிறார்கள், பெயரைச் சொல் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஏலம்போட்டு அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிற அரிசி என்று நான் அழுதுகொண்டே சொன்னதை அந்த இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. இந்தப் பஞ்சத்தில் கடவுளுக்கு யார் அரிசி ஏலம் போடுவார்கள் என்று சிரித்தான். அரிசி எந்த வீட்டில் சேர்ந்தது என்று விசாரித்துப் பூங்காவனத்தையும் கூட்டிவந்தார்கள். அவளுடைய சின்னப்பையன் லாரிக்குப் பின்னாலேயே ஓடிவந்தான்.

குருவானவர் மறுநாள் ஸ்டேஷனுக்கு வந்தார். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் கடந்து போய், இது இந்தம்மா சபையைக் கேட்காமல் செய்த காரியம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும் என்று அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. வந்து இறங்கிய புதிதில் எங்கள் வீட்டுக்கு வாங்க, எங்கள் வீட்டுக்கு வாங்க என்று காப்பி குடிக்க இழுத்த சபைதான் இது. ஜாமீனுக்கு ஒரு ஆள் வரவில்லை. பயம்தான், வேறென்ன. ஆனாலும் வயிறு எரிகிறது.

என்னை வெளியே எடுத்தவர் அப்பாசாமி பிள்ளை என்கிற ஒரு இந்து. செட்டி என்று இங்கே ஒரு ஜனம் உண்டு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் நம் சீமையிலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டவர்களாம். வீட்டில் பேசுவது மலாய். தமிழில் அப்பா, அத்தை, சாமி என்று சில வார்த்தைதான் மிச்சம். இவர் கஸ்டம்ஸில் இருந்து ஓய்வுபெற்றவர், என்னோடு இங்கிலீஷில்தான் பேசுவார். என்னைக் கோர்ட்டில் நிறுத்திய அன்று நில விஷயமாக மனைவியோடு அங்கே வந்திருந்தார். அந்தம்மா பெயர் பொன்னம்மா. சாரோங் என்கிற கைலியும் கெபாயா என்கிற நீளச் சட்டையும் போட்டு, நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்று, சாப்பிட்டாயா என்று கையால் கேட்டார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவ்வளவுதான் அவர் விசாரித்தது. போய்ப் புருஷனிடம் ஏதோ மலாயில் படபடவென்று பேசினார். அந்த மனிதர் தன் வீட்டு நிலத்தை என்னை நம்பி ஜாமீனாக எழுதிக்கொடுத்தார். நான் யாரென்று உங்களுக்குத் தெரியுமா என்று பிறகு கேட்டேன். தெரியாது, இவள் சொன்னாள், வீட்டில் நிம்மதியாக இருக்கவேண்டாமா என்று சிரிக்கிறார்.

இன்னொன்றும் கேளுங்கள். நான் இப்போது தங்கியிருக்கிற இவர்கள் வீட்டில் சாமிக்குப் படைத்த பிறகுதான் யாரும் சாப்பிடுவார்கள். படைத்ததைத் தின்னமாட்டேன் என்று முதல் நாள் நான் இலையைத் தள்ளிவிட்டேன். நன்றிகெட்டதனம்தான். பொன்னம்மா முகம் சுளிக்கவில்லை. மறுநாளிலிருந்து எனக்கென்று தனி அடுப்பு, தனிப் பானை. படையலுக்குப் போகாத சோறு, கொஞ்சம் மிளகாய்ச் சம்பல், ஒரு மீன் துண்டு. என் விசுவாசம் கெட்டுவிடக்கூடாது என்று அந்தம்மா அடுப்படியில் இரட்டை வேலை செய்கிறார். சபை கைவிட்ட அன்று கர்த்தர் எங்கே என்று கேட்டேன், அத்தான். அவர் விபூதி பூசிக்கொண்டு மலாய் பேசி வந்தார் என்று சொன்னால் என்னைச் சபையிலிருந்து நீக்கிவிடுவீர்கள். எனக்கு அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அரிசி பூங்காவனத்துடையது, எனக்குத் தெரியாமல் அவள்தான் என் பைக்குள் வைத்துவிட்டாள் என்று கோர்ட்டில் நான் சொல்லவேண்டும். சொன்னால் என்னை விட்டுவிடுவார்கள், அடுத்த கப்பலில் ஊருக்கு வரலாம். இது குருவானவர் கண்டுபிடித்த வழி. நீங்களும் அப்படியே செய் என்று எழுதியிருக்கிறீர்கள். தை மாதம் உங்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கப்போகிறார்கள், இந்த நேரத்தில் மனைவி ஜெயிலில் என்றால் பேராயர் என்ன நினைப்பார் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. நானும் உங்கள் பட்டத்துக்காக எத்தனை வருஷம் முழங்காலில் நின்றேன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நேற்று பொன்னம்மா பூங்காவனத்துக்கும் சோறு கொண்டு போனார். அவளுக்கு யார் ஜாமீன் கொடுப்பார்கள், இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். நானும் கூடப்போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, குருவானவர் சொன்னது அவளுக்கும் தெரிந்திருக்கிறது, அவளே பேச்சை எடுத்தாள். நீங்க என்ன சொன்னாலும் நான் ஆமாங்கறேம்மா, நீங்க படிச்சவங்க, ஊருக்குப் போயிருங்க, எம் புள்ளைங்கள மட்டும் யார்கிட்டயாவது சொல்லி வச்சுட்டுப் போங்க என்றாள். கோபமே இல்லை. அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வழியெல்லாம் அழுதேன். வீட்டுக்கு வந்து அப்பாசாமி ஐயாவிடம் நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். உண்மையைச் சொன்னாலும் பொய்யைச் சொன்னாலும் என் நிலத்துக்கு ஒன்றும் ஆகாது, நீ அன்றைக்கு வந்து நின்றால் போதும், மற்றது உனக்கும் உன் சாமிக்கும் உள்ளது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பொன்னம்மா இன்று காலையே ஆள் பிடித்துத் தோட்டத்துக்குப் போய், பூங்காவனத்தின் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிவந்துவிட்டார். சின்னவன் இப்போது என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறான். எழுதுகிற கை அவன்மேல் இடிக்காமல் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை கோர்ட். கேட்டது நான், வாங்கியது நான், அவள் தடுத்தும் சுமந்தது நான் என்று சொல்லப்போகிறேன். வருஷக்கணக்கில் போடுவார்கள் என்று வக்கீல் சொல்கிறார். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது தீர்ப்பு முடிந்திருக்கும். அதனால் தடுக்கப் பார்க்காதீர்கள், அத்தான். ஜெயாவிடம் அம்மா எங்கே இருக்கிறாள் என்பதை மறைக்காதீர்கள். அவளுக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னிவிட உங்கள் அக்காவை வரச்சொல்லுங்கள்.

மலாக்காவில் எனக்கு மலேரியா, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று சபையில் அறிவித்திருப்பதாகவும், வாரந்தோறும் வியாதியஸ்தர்களுக்கான ஜெபத்தில் என் பெயர் வாசிக்கப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். எனக்கு வியாதி ஒன்றுமில்லை. கோயிலில் லித்தானியா ஜெபம் வாசிக்கும்போது சிறையில் இருக்கிறவர்களுக்காக ஒரு வரி வரும். நீங்கள் அதை எப்போதும் வேகமாகத் தாண்டிப்போவீர்கள். உங்கள் பட்டத்துக்குக் கேடு வருமென்றால் அங்கே என் பெயரைச் சொல்லவேண்டாம். பூங்காவனம் பெயரும் வேண்டாம். அந்த வரியில் ஒரு மூச்சு நில்லுங்கள், போதும். கர்த்தர் உங்களை நல்ல மேய்ப்பனாக்குவாராக.

உங்கள் மனைவி,
பாக்கியத்தாய்