எண்ணிக்கை சரிதான்

பிப்ரவரி 4

இடது கால் சுண்டுவிரலில் புதுச் செருப்பு கடித்த இடம் இன்னும் ஆறவில்லை. பதினொரு நாள். வலியும் இல்லை. வலிக்காத புண்ணுக்கு எதற்கு டாக்டர்? என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டக் கிளம்பும்போது, "இன்னைக்காவது போய்க் காட்டேன்" என்றார். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவளுக்கு இவர் பாடம் எடுக்கிறார்.

பிப்ரவரி 6

நானே என் விரலைக் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் பூசி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். வெள்ளை அணுக்கள் வழக்கத்தைவிட அதிகம். கிருமியோடு சண்டை போட ஆள் தாராளமாக இருக்கிறது, போதும். ரத்தத்தில் சர்க்கரையும் பார்த்தேன், முந்நூற்றைத் தாண்டியிருந்தது. அதை இவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 9

விரல் கறுத்திருக்கிறது.

பிப்ரவரி 10

அறுவைச் சிகிச்சை டாக்டருக்கு என் மகள் வயசு இருக்கும். தகட்டில் பார்த்ததைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. அவள் சிரிக்கவில்லை. "அணு நிறைய இருக்கும்மா. வேலை செய்யணுமே? சர்க்கரை இவ்வளவு ஏறினா அதுங்க புண்ணுக்கு வந்து சேரவே தாமதமாகும். வந்தாலும் கிருமியப் பிடிச்சு முழுங்கத் தெம்பு இருக்காது. நீங்க தலைய மட்டும் எண்ணிட்டு வந்திருக்கீங்க."

சுருக்கென்றது. எனக்குத் தெரியாதா? படித்ததுதான். அடுத்தவர் ரத்தம் என்றால் நானே சொல்லியிருப்பேன். என் ரத்தம்னதும் புத்தி எங்க போச்சு?

விரல் போகணும். சர்க்கரை இறங்காவிட்டால் பாதமும் போகலாம் என்றாள்.

பிப்ரவரி 11

அழுதேன். ஒரு தடவைதான். அப்புறம் கோபம் வந்தது. விரலை எடுத்துக்கோ — பாதத்தைத் தர மாட்டேன். நாள் முழுக்க நின்னு வேலை பாக்கறவ நான். என்னை உட்கார வச்சிடலாம்னு பாக்குதா இந்தச் சர்க்கரை? நடக்காது.

பிப்ரவரி 19

விரலை எடுத்து ஒரு வாரம். இன்சுலின் நானே போட்டுக்கொள்கிறேன். இவர் ஊசியைப் பார்த்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார்; இவரை நம்பித்தான் ஐம்பது பேர் பஸ்ஸில் ஏறுகிறார்கள். "சர்க்கரை ஏறினத அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார். "சொல்லலை. தப்பு என்னோடது. அதுக்காக மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க. மெஷின்ல எவ்வளவு காட்டுதுன்னு படிங்க" என்றேன்.

நூற்று நாற்பத்தெட்டு.

மார்ச் 2

டாக்டர் கட்டைப் பிரித்தாள். ஓரங்களில் சிவப்பாகப் புதுச் சதை. "இப்ப அணுங்க வேலை செய்யுதுங்க" என்றாள். நான் எதுவும் பீற்றிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 8

வேலைக்குத் திரும்பி இரண்டாவது நாள். ஒரு தச்சர் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்தார். சர்க்கரை உண்டாம். கணுக்காலில் துணி சுற்றியிருந்தது. என்னவென்று கேட்டேன். "உளி பட்டுதும்மா, மூணு வாரமாச்சு. வலியே இல்ல, தானா ஆறிடும். டாக்டருக்கெல்லாம் நேரமில்ல."

என்ன திமிர். எனக்கு நன்றாகத் தெரிந்த திமிர். குனிந்து என் காலுறையைக் கழற்றி, பாதத்தை அவர் முன்னால் வைத்தேன்.

விரல் இல்லாத இடத்தைப் பார்த்துவிட்டு, "எந்த டாக்டர்?" என்று கேட்டார்.

எழுதிக் கொடுத்தேன். தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே வேலைக்கு நழுவிவிடுவாரோ என்று தோன்றியது. அதனால் டாக்டர் அறை வாசல்வரை நானும் கூடவே நடந்தேன்.