கஸ்தூரி கடைசியாக வைத்த காடை முட்டைகள்

என் அன்புக் கஸ்தூரிக்கு,

நீ போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சோற்றுக்குக் குறைவில்லை, பக்கத்து வீட்டு லட்சுமியக்கா குழம்பு கொடுத்துவிடுகிறார். கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் அதே ஷிப்ட், அதே சூடு. உன் காடைகளைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். திட்டாமல் கேள்.

உனக்கு நெஞ்சுவலி வருவதற்கு முந்தின நாள் குஞ்சு பொரிக்கும் மிஷினில் முட்டை வைத்தாயே, நினைவிருக்கிறதா? சாவு வீட்டுக் கூட்டத்தில் அதை எல்லோரும் மறந்துபோனோம். ஈரத்துக்கு அதில் தண்ணீர் ஊற்றக்கூட ஆளில்லை, மிஷின் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பும்போது அறை மூலையிலிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம். மூடியைத் திறந்தால் கட்டைவிரல் அளவில் முப்பது குஞ்சுகள். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அழாதவன், அன்றைக்கு உடைந்து அழுதேன்.

உன் மாதிரியே பல்பு போட்டுச் சூடு வைத்தேன், தீவனம் வைத்தேன். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் கிடந்தது. என் புத்திதான் உனக்குத் தெரியுமே, எதையும் துடைத்துத் துடைத்து வைக்கிற ஆள். கல்லையெல்லாம் கொட்டிவிட்டு, தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பதினொரு குஞ்சுகள் தண்ணீரில் செத்து மிதந்தன.

லட்சுமியக்கா வந்து எட்டிப் பார்த்தார். "குஞ்சு முங்காம இருக்கத்தான் அந்தக் கல்லப் போட்டு வெச்சினு இருந்தா. இன்னாங்க, கூடவே இருந்தீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. "ஒரு தபா மேல வந்து பாரேன்யா" என்று எத்தனை முறை காடைக் கூண்டு இருக்கிற மொட்டை மாடிக்குக் கூப்பிட்டிருப்பாய். நாற்றம் என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தவன் நான். மார் எரிகிறது என்று நீ சொன்னபோதும் வாயுவாக இருக்கும் என்று சோடா வாங்கிக் கொடுத்தவன்தானே?

மிச்சம் பத்தொன்பது. கறிக்குக் கொடுக்கிற பருவமும் தாண்டிவிட்டது. ஒன்றின் மண்டையை ஒன்று கொத்தி ரத்தமாக்குகின்றன. உன்னிடம் காடை வாங்கும் பிரியாணிக் கடைக்காரர் இரண்டு ஞாயிறு வந்து வெறுங்கையோடு போனார். "கறிக்கு வளத்தத கறியாத்தான் பாக்கணும்" என்பாய், கண் கலங்காமல் எடுத்துக் கொடுப்பாய். என்னால் முடியவில்லை, கஸ்தூரி. நீ கடைசியாகக் கைவைத்தது இவைதான். கொடுத்துவிட்டால் வீட்டில் என்ன இருக்கிறது? கொடுக்காவிட்டால் என் கண்ணெதிரே கொத்திக்கொண்டு சாகும். நான் என்னதான் செய்ய?

நேற்று கூண்டில் ஒரு முட்டை கிடந்தது. நீ வைத்த முட்டையில் வந்த காடை போட்ட முட்டை. கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். சாப்பிட மனசில்லை, மிஷினில் வைக்கத் தெரியவில்லை.

ஆண் காடைகள் அதிகமிருந்தால்தான் இப்படிக் கொத்திக்கொள்ளுமாம். வருகிற ஞாயிறு ஆண்களில் ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஆண்களைக் கொடுத்துவிடுகிறேன். எது ஆண், எது பெட்டை என்பதுகூட எனக்குத் தெரியாது. நெஞ்சு இறகைப் பார்த்தாலே சொல்லிவிடலாமாம். லட்சுமியக்காவைக் கேட்கப் போகிறேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் இனி ஒவ்வொன்றாக அவரிடம் கேட்டுக்கொள்கிறேன். இது சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
ஏகாம்பரம்