கன்னியம்மா நடித்த அம்மா

ஆரணி,
சனிக்கிழமை

அன்பு மகள் அகல்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் கொல்கத்தாவில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று படவேட்டம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நாள் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா என்று கேட்டு வைத்துவிடுவேன். எழுத உட்கார்ந்தால் எழுந்து போக முடியாது. இங்கே மூன்று நாளாக விடாமல் தூறல். அப்பாவுக்கு ரைஸ்மில் லோடு குறைவு, நெல் ஈரமாக வருகிறதாம், அதனால் வண்டியை நிறுத்திவிட்டு மதியமே வீட்டுக்கு வந்துவிடுகிறார். முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கச் சொன்னால் நாளைக்கு என்கிறார். சேத்துப்பட்டு அத்தை உன்னை விசாரித்தாள். உன் படம் விழாவுக்குத் தேர்வான செய்தியை அவள்தான் அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி முடித்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அது ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நீ அனுப்பிய படத்தை இன்னும் பார்க்கவில்லை, நெட் சரியில்லை என்று பத்து நாளாக உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய். போன வாரம் சனிக்கிழமையே பார்த்துவிட்டேன். எங்கள் தலைமையாசிரியர் ஸ்மார்ட் கிளாஸ் டிவியில் போட்டு எல்லா டீச்சர்களையும் உட்காரவைத்தார். முன்வரிசை நடுவில் யாரை உட்காரவைத்தார் தெரியுமா, கன்னியம்மாவை. எனக்குக் கீழே சத்துணவுக் கூடத்தில் பதினோரு வருடமாகச் சமையல் செய்கிறவள், அன்றைக்குப் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அமைப்பாளர் நான் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில். பிள்ளைகள் அவளை இப்போது சினிமா ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். முட்டை வாங்க வரும்போதுகூட ஒரு டயலாக் சொல்லு ஆயா என்கிறார்கள்.

எனக்கு வயிற்றெரிச்சல்தான் அகல்யா, மறைக்கவில்லை. மே மாதம் நீ உன் காலேஜ் பிள்ளைகள் ஐந்து பேரோடு வந்து இறங்கி, தம்பி செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றிப் படம் எடுக்கிறோம் என்று சொன்னபோது எனக்கு முதலில் வேண்டாம் என்று சொல்லத்தான் தோன்றியது. பிறகு, சரி எடு என்றேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு அம்மா வேண்டும் என்று நீ சொன்னதும், என்னைத்தான் கேட்பாய் என்று நினைத்துவிட்டேன். நடிக்க ஆசை என்று இல்லை. அந்த இடம் என்னுடையது, வேறு யாரைக் கேட்பாய் என்று. பீரோவில் இருந்த பச்சைப் புடவையை எடுத்து இஸ்திரிகூடப் போட்டு வைத்தேன். நீ என்னடா என்றால், "அம்மா, நீ சாப்பாடு மட்டும் பாத்துக்கமா, கன்னியம்மாக்கா நடிக்கட்டும், அது மூஞ்சி கேமராவுக்கு நல்லா இருக்குது" என்றாய். ஐந்து நாள் சமையல்காரி அம்மாவாக நடித்தாள், அம்மா நான் சமைத்துப் போட்டேன். அந்தப் பக்கம் வராதே, நீ இருந்தால் எனக்கு வராது என்று வேறு சொன்னாய். வராமல் இருப்பேனா. மூன்றாம் நாள் சாப்பாட்டுக் கேரியரை நானே எடுத்துக்கொண்டு நீங்கள் படம் எடுத்த நெசவுத் தெரு வீட்டுக்கு வந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கன்னியம்மா மடியில், மகளாக நடித்த தேவிகாபுரத்துப் பெண் தலைவைத்துப் படுத்திருந்தாள், கன்னியம்மா அவள் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். அதுகூடப் பரவாயில்லை, நடிப்பு. காட்சி முடிந்து எல்லாரும் விளக்கை அணைத்த பிறகு நீ போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் சாய்ந்தாய் பார், அதை என்னால் தாங்க முடியவில்லை. கேரியரை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நீங்கள் எடுத்துச் சாப்பிட்டிருப்பீர்கள்.

அந்தக் கோபத்தை ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் அவள்மேல் காட்டினேன். அரிசியில் கல் இருக்கிறது என்று பிள்ளைகள் முன்னால் கத்தினேன். கல் இல்லை. சாம்பாரில் உப்பு கூட என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, "இன்னா டீச்சர், நீ இப்டிலாம் பேசற ஆளு இல்லியே" என்று மட்டும் ஒருநாள் கேட்டாள்.

படத்துக்கு வருகிறேன். நன்றாகத்தான் எடுத்திருக்கிறாய். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் அப்படியே கேட்கிறது, நம் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அந்தப் பெண் மாடிக்குப் போய்ப் போனைக் காதில் வைத்தாள். உள்ளிருந்து நம் வெற்றியின் குரல் வந்தது. "அக்கா, இன்னிக்கு அம்மா காராமணிக் கொழம்பு வெச்சிது, நல்லாவே இல்ல. நீ இருந்தா உன் தட்டுல போட்ருப்பேன். வெள்ளிக்கெழம ஜல்தியா வா. அம்மா வருது, வெச்சிர்றேன்." டீச்சர்கள் சிரித்தார்கள். யாரோ ஒரு பையனைப் பேசவைத்து எடுத்திருக்கிறாய் என்று அவர்கள் நினைப்பு. என் பிள்ளையின் குரல் எனக்குத் தெரியாதா. ஏழு வருடம் ஆகிறது அகல்யா. அப்பாவின் பழைய போன் தண்ணீரில் விழுந்து போனதோடு அவன் குரல் போய்விட்டது என்றுதான் நானும் அப்பாவும் இருந்தோம். பேசுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் சில நாள் ஞாபகத்துக்கே வராது, என்னையே திட்டிக்கொள்வேன். நீ அதை வைத்திருந்திருக்கிறாய். இத்தனை வருடமும் உன்னிடம் இருந்திருக்கிறது. நான் அதை எங்கள் பள்ளிக்கூட டிவியில், மற்றவர்கள் சிரிக்கும்போது கேட்டேன். எழுந்து வெளியே போய் அரிசி மூட்டை அறையில் உட்கார்ந்துகொண்டேன். உன்மேல் வந்த பொறாமையை எழுதினால் நீ நம்பமாட்டாய். அவனைப் பெற்றது நான். அவன் குரல் உன் கையில். அப்பா போனை எடுத்துக்கொண்டு அவன் மாடிக்கு ஓடும்போதெல்லாம் கேம் விளையாடுகிறான் என்று திட்டினேனே, அது முழுக்க உன்னோடு பேசியதா.

கன்னியம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். படம் முடியவில்லை, தன்னைத் திரையில் பார்ப்பதை விட்டுவிட்டு வந்தாள். மூட்டைமேல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தக் கொரலு உன் பையன்தான, எனக்குத் தெரியும், உம் பொண்ணு போட்டுக் காட்டுச்சு. அவன் பேசி அனுப்பினது பதினேழு இருக்குதுன்னு சொல்லுச்சு" என்றாள். அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போது அவள் ஒன்று சொன்னாள். "கடைசி சீனு ஒண்ணு இருக்குது டீச்சர். அந்தப் பொண்ணு, என்னைக் கேட்டானாம்மா-ன்னு கேக்கும். நான், அவனுக்கு நெனவே இல்லடி-ன்னு சொல்லணும். அத மட்டும் பதினாலு தரம் எடுத்துச்சு உம் பொண்ணு. எப்டி சொன்னாலும் இப்டி இல்லக்கா, இப்டி இல்லக்காங்குது. எனக்கே பேஜாராப் போச்சு. அந்த அம்மா நெசம் சொல்லுதா, பொய் சொல்லுதா, அத மொதல்ல சொல்லு, அதுக்கேத்த மாதிரி சொல்றேன்னு கேட்டேன். கேமராவ ஆப் பண்ணுச்சு. அப்புறம், எனக்குத் தெரியலக்கா, அது தெரியாமதான் இந்தப் படமே எடுத்துகினு இருக்கேன்னுச்சு."

அதைக் கேட்ட பிறகு வீட்டுக்கு வந்து இந்த ஒரு வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. உனக்குத் தெரியாத அது, உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு நீ என்ன வேண்டுமானாலும் நினை.

அவன் உன்னைக் கேட்டான். ஆரணி ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், சாயங்காலம் நாலு மணி. டெங்கு என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, ஆனால் அன்றைக்கு நினைவு நன்றாகவே இருந்தது. அப்பா இளநீர் வாங்கப் போயிருந்தார். நானும் அவனும் மட்டும். "அம்மா, அக்காவ வரச் சொல்லேன்" என்றான். அக்காவுக்கு இடைப்பருவத் தேர்வு நடக்கிறது, முடிந்ததும் வருவாள் என்றேன். "ஒரு நாள் வந்துட்டுப் போவட்டுமே" என்றான். அப்போது நீ படித்துக்கொண்டிருந்த சேத்துப்பட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ். அத்தைக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஆறு மணிக்குள் நீ அவன் கட்டில் பக்கத்தில் நின்றிருப்பாய். நான் போடவில்லை. பரீட்சைக்காக இல்லை. மூன்று நாளாகக் கண் மூடாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இவன் அக்கா அக்கா என்கிறானே என்று எனக்கு வந்தது. "ஏன், நான் இருக்கறது போதலியா" என்று கேட்டேன். அவன் என்னையே பார்த்தான். "போதும்மா" என்றான். என் மனசு கஷ்டப்படும் என்று சொன்னான். அதற்குப் பிறகு உன்னைக் கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலை வேலூருக்குக் கொண்டுபோகும் வழியில்தான் நினைவு போனது. நினைவே இல்லை என்று நான் உன்னிடம் சொன்னது அந்த வேலூர் ரோட்டுக்கு மட்டும்தான் உண்மை.

காரியம் முடிந்த அன்று நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய், என்னைக் கேட்டானாம்மா என்று. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பாய். அது ஒன்று. இன்னொன்று, அவன் கடைசியாகத் தேடிய ஆள் நான் இல்லை என்பது என்னோடு போகட்டும் என்று நினைத்தேன். அவன் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். நான் ஊட்டினால் துப்புவான், நீ ஊட்டினால் விழுங்குவான். பேச ஆரம்பித்தபோது அம்மா என்பதற்கு முன்னால் அக்கா என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உன்னைப் பிளஸ் ஒன்னுக்குச் சேத்துப்பட்டில் சேர்த்தது நல்ல பள்ளிக்கூடம் என்பதற்காக என்று ஊரெல்லாம் சொன்னேன். பாதி அதுதான். மீதிப் பாதி, இனிமேலாவது அவன் என்னிடம் வருவான் என்று. பெற்ற பெண்ணிடம் போய் இப்படி ஒருத்தி பொறாமைப்படுவாளா என்று நீ கேட்பாய். பட்டேன். போன சனிக்கிழமை வரைக்கும் பட்டேன், இப்போதும் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

படத்தில் கன்னியம்மா அந்த வார்த்தையைச் சொல்லும்போது எங்கே பார்க்கிறாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நான் அறையை விட்டு வந்துவிட்டதால் அன்றைக்கு அதைப் பார்க்கவில்லை. புதன்கிழமை உன் லிங்க்கைத் திறந்து அந்த இடத்தை மட்டும் பார்த்தேன். அவள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள். நானும் அப்படித்தான் சொன்னேன். பத்தாவது தாண்டாதவள், யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். நான் நடித்திருந்தால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன், நீயும் நம்பியிருப்பாய். நீ அவளை எடுத்தது சரிதான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அடுப்படியில் வைத்து அவளிடம், அரிசியில் அன்றைக்குக் கல் இல்லை என்று சொன்னேன். "எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள், வாளியைக் கழுவிக்கொண்டே.

அப்பாவிடமும் நேற்றுச் சொல்லிவிட்டேன். அவருக்கும் இத்தனை நாள் தெரியாது. இளநீர் வாங்கப் போகாமல் இருந்திருக்கலாம் என்றார். வண்டியைக் கழுவப் போய்விட்டார், மழையில் வண்டியைக் கழுவினார். திரும்பி வந்து, "எழுது, நானே போஸ்ட்ல போட்டுட்டு வரேன்" என்றார்.

அந்தப் பதினேழையும் அனுப்பு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவை உனக்கு என்று அவன் பேசியது. உனக்கு எப்போதாவது மனசு வந்தால், லீவுக்கு வரும்போது, நீ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒன்றே ஒன்றைப் போட்டுக் காட்டு. காராமணிக் குழம்பு நன்றாக இல்லை என்று சொல்கிறானே, அதுவே போதும். மனசு வரவில்லை என்றால் வேண்டாம், அதற்காக ஊருக்கு வராமல் இருந்துவிடாதே. கோபம் என்றால் போன் செய்து திட்டு, போனை ஸ்பீக்கரில் போடமாட்டேன்.

படவேட்டம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள். எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நல்ல பேரோடு நீ நூறு வயசு இருக்க வேண்டும். அங்கே மழை விட்டாலும் தண்ணீர் தேங்கிக்கொண்டுதான் இருக்கும் என்று பேப்பரில் பார்த்தேன். ரூமில் எல்லாரும் சிரித்தாலும் பரவாயில்லை, கொசுவலை கட்டிக்கொண்டு படு. காய்ச்சல் என்று லேசாக உடம்பு சுட்டாலும் முதலில் எனக்குச் சொல், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னாலும் அன்றைக்கே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கு. ரேணுகாம்பாள்