உன் அப்பாவின் ‘ஸ்லைட்லி’

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. போனில் சொல்லலாமென்றால் பக்கத்திலேயே நின்று கண்ணை உருட்டுகிறார். எதிர்வீட்டு லாரி டிரைவர் நாளைக்கு உன் ஊர்ப் பக்கம் வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வலது விலாவுக்குக் கீழே வலி. கடையில் கத்தரிக்கோலும் கையுமாக அப்படியே மேசையில் சாய்ந்துவிடுகிறார், வேர்த்து ஊற்றுகிறது. ஒருவழியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். புது டாக்டரம்மாவுக்கு நம் பாஷை தெரியாது, வலி எவ்வளவு என்று இங்கிலீஷில் கேட்டார். இந்த மனுஷன் சிரித்துக்கொண்டே ‘ஸ்லைட்லி’ என்றார். தையல்கடைப் புத்தி உனக்குத் தெரியாததா? கோட்டு முதுகு முழுக்கக் கிழிந்து வந்தாலும் கஸ்டமர் பயந்துவிடக் கூடாதாம், ‘ஸ்லைட்லி கிழிஞ்சிருக்கு சார், சரி பண்ணிடலாம்’ என்பார். துணிக்குச் சொல்கிற சமாதானத்தை உயிருக்கும் சொன்னால் நான் என்னடா செய்வேன்? அந்தம்மாவும் அதை நம்பி மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். நான் குறுக்கே புகுந்து ‘நோ, வெரி, வெரி’ என்று கத்தினேன். பயப்படாதீர்கள் என்பது போல என் தோளைத் தட்டி அனுப்பிவிட்டார்.

மாத்திரைக்கு வலி கேட்கவில்லை. இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. கண்ணெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறதே என்றால், ‘உன் கண்ணாடிய மாத்து’ என்று கேலி வேறு. திங்கட்கிழமை காலையில் மறுபடி போகிறோம். இங்கிலீஷில் கொஞ்சத்திலிருந்து தாங்க முடியாதது வரைக்கும் படிப்படியாக வார்த்தை இருக்கிறது என்று மாடிவீட்டு டீச்சர் சொன்னார். ஸ்லைட்லி, க்வைட், வெரி, எக்ஸ்ட்ரீம்லி. உன் அப்பா முதல் படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் கடைசி வார்த்தையைச் சொல்லிப் பார்க்கிறேன், நாக்கு புரளவில்லை, அழுகைதான் வருகிறது. நீ போனில் இரு, நான் அதை டாக்டரம்மா காதில் வைக்கிறேன். எக்ஸ்ட்ரீம்லிக்கும் மேலே ஒன்று இருந்தால் அதைச் சொல்லு. ஸ்கேன் எடுக்காமல் விடாதே.

நீயும் அப்பா வளர்ப்புதான். போன தடவை ‘கொஞ்சம் சளிம்மா’ என்றாய், குரலே எழும்பவில்லை. வெந்நீர் குடி, ஈரத்தலையோடு படுக்காதே.

நான் எழுதுவதை அப்பா பார்த்துவிட்டார். எல்லாரும் நலம் என்று மட்டும் எழுதச் சொன்னார். சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவர், நூலைக் கடித்து அறுத்துவிட்டுத் தலை நிமிராமலே, ‘லீவு கெடைச்சா வரச் சொல்லு, அவனக் கொஞ்சம் பாக்கணும் போல இருக்கு’ என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய். திங்கட்கிழமை காலை போனைக் கையிலேயே வைத்திரு. அன்றைக்கே வண்டி ஏறு.

உன் வழியையே பார்த்திருக்கும்
அம்மா