பதினாறாம் எண் வீட்டுக் கல்யாணம்

12.6.2023, திங்கள்
சூரமங்கலம் பழைய நூல் மில்லில் கணக்கெடுப்பு ஆரம்பம். மில் மூடிப் பதினேழு வருஷம். மாநகராட்சி அங்கே சந்தையும் பூங்காவும் கட்டப்போகிறது. பின்னால் தொழிலாளர் லைன் வீடுகளில் இன்னும் நாற்பத்தொரு குடும்பங்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி தயார். அதில் யாருக்கு வீடு என்று எழுதுவது என் வேலை.

பதினாறாம் எண் வீட்டில் குழந்தைவேல், வயது அறுபத்தேழு. பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு. கூடவே சௌந்திரம் என்ற அம்மா. உறவு என்னவென்று கேட்டேன். இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

“கூட இருக்கேனுங்க” என்றார் அந்த அம்மா. இருபத்தாறு வருஷமாக.

படிவத்தில் அதற்கு இடமில்லை. அவர் பெயரை எழுதாமல் வந்துவிட்டேன்.

13.6.2023
காலையிலிருந்து மனசே சரியில்லை. குழந்தைவேல் போய்விட்டால் அந்தம்மா எங்கே போகும்? நான் எழுதாமல் விட்டது ஒரு பெயர்தானா?

16.6.2023
எங்கள் கண்காணிப்பாளர் பிரபாகரிடம் கேட்டேன். மனைவி என்று சான்றிதழ் இருந்தால் பெயர் சேரும், பின்னால் வீடும் அந்தம்மாவுக்கே வரும் என்றார். ஜூலை பத்துக்குள் வேண்டுமாம்.

மாலையில் போய்ச் சொன்னேன். சௌந்திரம் சின்ன வயசிலேயே கணவரை இழந்தவர். குழந்தைவேல் கல்யாணமே செய்துகொள்ளாதவர். அந்தக் காலத்தில் சௌந்திரத்தின் அண்ணன்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியே இருந்துவிட்டார்கள்.

குழந்தைவேல் அந்தம்மாவைப் பார்த்து, “கட்டிக்கலாமுங்களா?” என்றார்.

“ஊட்டுக்காகக் கேக்கறீங்களா?”

அவர் மூச்சு வாங்கினார். நான் எழுந்து போயிருக்க வேண்டும் — கால் வரவில்லை.

“ஊடு ஒரு சாக்குங்க. இத்தன வருசமா கேக்கோணும்னுதான் இருந்தேன்.”

சௌந்திரம் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

28.6.2023
காலையில் முருகன் கோயிலில் மாலை மாற்றினார்கள். பிறகு பதிவு அலுவலகம், மாடியில். பத்தொன்பது படி. நாலு இடத்தில் உட்கார்ந்தார் குழந்தைவேல். நாலு தடவையும் சௌந்திரம் பக்கத்தில் உட்கார்ந்தார். புதுப்புடவை அழுக்காகுமே என்று எனக்குத்தான் கவலை. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

4.9.2023
குடிபோனார்கள். கீழ்த்தளம். ஆணையில் இருவர் பெயரும் இருக்கிறது.

9.1.2025
காலையில் குழந்தைவேல் போய்விட்டாராம். நான் சந்தைக் கட்டட வேலையில் நின்றிருந்தபோது சௌந்திரமே போன் செய்தார். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை.

18.3.2025
அடுக்குமாடியில் சௌந்திரம் வீட்டுச் சுவரில் ஈரம் என்று புகார்; பார்க்கப் போனேன். சௌந்திரம் கிளம்பிக்கொண்டிருந்தார். பூங்காவில் செடிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறது. இன்னொரு நாள் வரட்டுமா என்றேன். சாவியை என் கையில் வைத்தார்.

“பாத்துப்போட்டு எதுத்த ஊட்டுல குடுத்துருங்க சாமி. எனக்கு நேரமாச்சு.”

போய்விட்டார். ஈரம் சமையலறைச் சுவரில், இரண்டு கை அகலம். நாளைக்கே ஆள் அனுப்ப வேண்டும்.