நான் படிக்காமல் விட்ட வரி

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு ஐந்து நிமிடம் இருபத்தொரு விநாடி. அணித் தேர்வுக்கு வேண்டியது ஐந்து பன்னிரண்டு. அந்த ஒன்பது விநாடி எங்கே போனது என்று கோச் கேட்கவில்லை. கடைசி இருநூறு மீட்டரில் கயிறு எந்தப் பக்கம் இழுபட்டது என்று பார்க்க அவருக்குக் கண் இருக்கிறது.

அரை முழக் கயிறு. ஒரு முனை என் நாத்தனார் மணிக்கட்டில், மறு முனை என் மணிக்கட்டில். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வளைவு, கோடு, முன்னால் போகிறவர்கள் எல்லாவற்றையும் ஓடிக்கொண்டே சொல்ல வேண்டிய வழிகாட்டி நான். வழிகாட்டி இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, அவளுக்கு முன்னால் கோட்டைத் தாண்டக் கூடாது. பின்னால் பிடித்து நிறுத்தும் வழிகாட்டியைப் பற்றி விதிகளில் ஒன்றும் இல்லை. அப்படி ஒருத்தி வருவாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

எனக்கு முப்பத்தேழு, அவளுக்கு இருபத்து நான்கு. வீட்டில் அவளை ரயிலு என்போம். சின்ன வயதில் ஓடக் கிளம்பினால் சுவர் வந்தால்தான் நிற்பாளாம். இப்போது சுவர் நான்தான்.

மார்ச் 7, வெள்ளி

கோச் இன்னொரு வழிகாட்டியைக் கூட்டிவந்தார். கல்லூரிப் பெண். கால் இரண்டும் கழுத்திலிருந்தே தொடங்குகிறது. இரண்டு வாரம் சேர்ந்து ஓடிப் பாருங்கள் என்றார். ரயிலு யோசிக்கவே இல்லை.

"அண்ணி இல்லைன்னா நான் ஓடலை சார்."

அந்தப் பெண் ஷூவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம். அவளோடு ஓடு என்று நானல்லவா சொல்லியிருக்க வேண்டும்? வாயே திறக்கவில்லை. என் சமையல் சுமார், மருத்துவமனையில் எல்லோருக்கும் நான் "சிஸ்டர்", கல்லூரியில் வாங்கிய கோப்பைகள் அட்டைப்பெட்டியில். காலை ஆறு மணிக்கு அந்த மைதானத்தில் மட்டும்தான் நான் ஒரு ஆள்.

மார்ச் 11

ஜனவரியில் சக்கர நாற்காலியில் வந்த ஆறாம் கட்டில் பெரியவர் இன்று டயாலிசிஸுக்கு நடந்தே வந்தார். "பதினெட்டுப் படி ஏறினேன் சிஸ்டர், எண்ணிக்கிட்டே" என்றார். எல்லாம் அந்த ஊசி. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் ஊறாது. இது ஊற வைக்கும். நோயாளிகள் ரத்த ஊசி என்பார்கள். ரத்தம் ஏறினால் மூச்சு இரைப்பது குறையும், காலுக்குத் தெம்பு வரும்.

குப்பியில் சில நாள் கொஞ்சம் மிச்சமிருக்கும். அது குப்பைக்குப் போக வேண்டியது.

இதை ஏன் எழுதுகிறேன்?

மார்ச் 12

போட்டுக்கொண்டேன். மருந்து அறையில், நின்றுகொண்டே.

மார்ச் 19

நான் போட்டியாளர் இல்லையே. ஓடுகிறவள் அவள், நான் அவளுடைய கண். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் யாராவது குற்றம் சொல்வார்களா?

நன்றாகத்தான் வாதாடுகிறேன். ஆரோக்கியமான உடம்பில் இந்த ஊசி ரத்தத்தைக் கெட்டியாக்கும். அடைப்பு இதயத்திலும் வரலாம், மூளையிலும் வரலாம். பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு இந்தப் பாடத்தை எடுப்பதும் நான்தான். பலகையில் அழகான கையெழுத்தில் எழுதிப் போடுவேன்.

மார்ச் 26

இன்று மிச்சம் இல்லை. பெரியவருக்கு மருந்தை ஏற்றும்போது கை ஒரு நொடி நின்றது. கொஞ்சம் குறைத்தால் யாருக்குத் தெரியும் —

முழுதாகத்தான் போட்டேன். ஆனால் கை நின்றதே.

ஏப்ரல் 2

மூன்றாவது சுற்று மேடாக இருந்தது போய்ச் சமதரையாகிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசுகிறவள் மாதிரி முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடுகிறேன். கோச் ஸ்டாப்வாட்சைத் தட்டிப் பார்த்தார். வீட்டில் என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மதியம் இல்லாத நோயாளி ஒருவர் பெயரில் என் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினேன். ஆறாம் கட்டில் பெரியவருக்கு ஹீமோகுளோபின் பத்து வந்தாலே நாங்கள் மகிழ்ந்துபோவோம். எனக்குப் பதினாறரை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாவட்டப் போட்டி. தங்கம்! ரயிலுவுக்கு முதல் தங்கம்.

ஆனால் ஏதோ சரியில்லை. இன்னும் ஒரு முழுச் சுற்று இருக்கும்போதே அவள் வேகம் எடுத்துவிட்டாள். நான் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. கடைசி ஐம்பது மீட்டர் தள்ளாடித்தான் வந்தாள். மற்றவர்கள் வெகு பின்னால் இருந்ததால் தப்பித்தோம். நேரம் ஐந்து பதினான்கு.

வீட்டுக்கு வந்ததும் பதக்கத்தின் எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு சுவரில் ஆணியைத் தேடி அவளே மாட்டினாள். இவர் அதை ஏழெட்டுப் படம் எடுத்துத் தன் ஒர்க்‌ஷாப் முழுக்க அனுப்பிவிட்டார்.

ஏப்ரல் 9

"அண்ணி, உங்க மூச்சு எங்க போச்சு?"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். புரையேறியது.

நான் சொல்வதை அவள் எப்போதும் பாதிதான் கேட்பாளாம். கேட்டு ஓடியதெல்லாம் என் மூச்சைத்தானாம். முதல் சுற்றில் சத்தமே இருக்காது, இரண்டாவதில் மூக்கால் வரும், மூன்றாவதில் வாயைத் திறந்து இரைப்பேன். அது கேட்டதும் இன்னும் எவ்வளவு தூரம், எப்போது வேகம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்வாளாம். மூன்று வருஷமாக. எனக்கே தெரியாது.

"இப்ப ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது. யாரோ தெரியாதவங்க கூட ஓடுற மாதிரி இருக்கு."

மூச்சுப் பயிற்சி செய்கிறேன் என்றேன். "ஓ" என்றாள். நாள் முழுக்க அந்த "ஓ" காதில் நிற்கிறது.

இடது கெண்டைக்கால் இரண்டு நாளாக வலிக்கிறது. ஒரு கால் மட்டும். நோயாளி யாராவது இப்படிச் சொன்னால் உடனே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன். நான் இறுக்கமாக ஒரு காலுறை போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 12, சனி

தேர்வுப் போட்டிக்கான விண்ணப்பம் வந்தது. அவளுக்கு எந்தத் தாள் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்வேன், இந்த வீட்டுக்கு வந்த வருஷத்திலிருந்து. போனும் படிக்கும், ஆனால் அது மூக்கால் பேசுகிறது என்பாள். அவளுக்கு வந்த ஒரே காதல் கடிதத்தைக்கூட எழுத்துப் பிழைகளோடு படித்துக் காட்டியவள் நான்.

இரண்டாம் பக்கம், ஒன்பதாவது விதி. வழிகாட்டியும் போட்டியாளராகவே கருதப்படுவார். தடை செய்யப்பட்ட மருந்தை வழிகாட்டி பயன்படுத்தியிருந்தால் இருவரின் முடிவும் செல்லாது.

எட்டிலிருந்து பத்துக்குப் போய்விட்டேன்.

"ஏன் அங்க நின்னீங்க?"

எழுத்து பொடியாக இருக்கிறது என்றேன். அவள் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தேன். கையெழுத்துப் போட்டாள்.

என்ன ஜென்மம் நான்?

ஏப்ரல் 13

ஒரு வழி இருக்கிறது. கால் பிசகிவிட்டது என்று சொல்லி விலகிவிடலாம். கல்லூரிப் பெண் ஓடட்டும். ஊசி விஷயம் வெளியே வராது, பதக்கமும் ஆணியிலேயே இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?

குளியலறையில் நொண்டிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது.

ஏப்ரல் 14

காலையில் நொண்டிக்கொண்டே கூடத்துக்குப் போனேன். ரயிலு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கால் சத்தம் மாறியதும் தலையைத் திருப்பினாள். "அய்யோ, என்னாச்சு அண்ணி?" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் முடியலை. என்னால முடியலை.

உட்காரச் சொன்னேன். விண்ணப்பத்தின் நகலை எடுத்தேன். அன்றைக்கு ஒரு வரி விட்டுவிட்டேன், இப்போது படிக்கிறேன் என்று ஒன்பதாவது விதியைப் படித்தேன். பிறகு ஊசி, குப்பி, தேதி எல்லாவற்றையும் சொன்னேன்.



"அப்ப அந்த மெடல்?"

"போயிடும்."

எழுந்து போய்ச் சுவரைத் தடவிப் பதக்கத்தைக் கழற்றினாள். என் மடியில் வைத்தாள்.

"எனக்காகத்தான் செஞ்சேன்னு மட்டும் சொல்லாதீங்க அண்ணி."

சொல்லத்தான் வாயெடுத்திருந்தேன்.

ஏப்ரல் 16

கோச்சிடம் சொன்னேன். தடகளச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன், பதக்கத்தையும் சேர்த்து. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட நினைத்துத் தலைமை நர்ஸிடமும் போனேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மருந்து அறைச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு, முதலில் போய்க் காலை ஸ்கேன் எடு என்றார். அடைப்பு இல்லை. தப்பித்தேன்.

இவர்தான் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். "வயசாயிடுச்சு, முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்?" என்று கேட்டார். என்ன கெட்டிருக்கும்? ஒன்றும் இல்லை. அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வரவில்லை.

ஏப்ரல் 24

பத்து நாளாகிறது. உப்பு எங்கே என்றுகூட அவள் அண்ணனிடம்தான் கேட்கிறாள்.

மே 4, ஞாயிறு

தேர்வுப் போட்டி. விசாரணை முடியும்வரை மைதானத்துக்குள் நான் கால் வைக்கக் கூடாது. கம்பி வேலிக்கு வெளியே, இரண்டாவது வளைவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

கல்லூரிப் பெண் சிரமமே இல்லாமல் ஓடினாள். முதல் சுற்று. இரண்டாவது சுற்று. மூன்றாவதில் என்னைக் கடந்தபோது அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. வாயைத் திறந்து ஹஹ், ஹஹ் என்று, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி. அவளுக்கு எதற்கு இரைக்கப் போகிறது? அது சொல்லிக் கொடுத்த மூச்சு. என்னுடைய மூச்சு. என்னைவிட அதை நன்றாக அறிந்தவள்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அதைக் கேட்டுக்கொண்டு ரயிலு வேகம் எடுத்தாள்.

ஐந்து பதினொன்று.

வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் நின்றவர், உங்க பொண்ணா என்று கேட்டார். நாத்தனார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மே 9

அணியில் சேர்வதற்கான தாள்கள் வந்தன. எனக்கு இப்போது மருத்துவமனையில் பழைய கோப்புகளை அடுக்கும் அறையில் வேலை. ஐந்தரைக்கே வீட்டில் இருந்தேன். ரயிலு கூடத்துக்கு வந்து உறையை என் கையில் வைத்தாள். இருபத்தைந்து நாளுக்குப் பிறகு ஒரு வார்த்தை.

"படிங்க."

நான்கு பக்கம். அடிக்குறிப்பு, அச்சகத்தின் பெயர் உட்பட எல்லாவற்றையும் படித்தேன். அவள் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை.

முடித்ததும் தாள்களை வாங்கிக்கொண்டாள். போனை எடுத்து, முதல் பக்கத்தின் மேல் பிடித்து, அதையும் படிக்க வைத்தாள். மூக்கால் பேசும் அந்தக் குரலில், முதல் வரியிலிருந்து. நான் எழுந்து போகவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு பக்கத்தையும் கேட்டேன்.