நாலு காம்பராவில் நம்ம பங்கு

1980 ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. எழுத்து ஏறி இறங்கிக் கிடக்கிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை, பேனாவையும் அழுத்தியே பிடிக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும். யார் பொறுக்க? படிக்கப்போவது நான் மட்டும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். மருமகள் சரசு சொல்லிக்கொடுத்த எழுத்து. இந்த வயதில்! ஒரு பக்கம் நிரம்பினால் எழுந்து நின்று பார்க்கிறேன்.

வீட்டுக் கடனுக்குச் சரி என்று கடிதம். வங்கி கொடுக்கிறது, அரசாங்கம் பொறுப்பு நிற்கிறது. அத்திவாரம் பார்த்த பிறகுதான் முதல் பணம். வியாழன் உத்தியோகத்தர் வருகிறார்.

நான் வேலையிலிருந்து நின்றாயிற்று. மகன் செல்லையாவுக்கு ருவான்வெல்லை டவுன் கடையில் வேலை. தோட்டத்து வேலைக்குப் பெயர் போட எங்கள் வீட்டில் ஆள் இல்லை. மாத முடிவுக்குள் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவை, எங்கள் ஒற்றை அறையை, விடச் சொல்லிக் கணக்கப்பிள்ளை மறுபடியும் வந்தார். கடன் கைக்கு வராவிட்டால் நாலு பேரும் தெருவில்.

எங்கள் காணித்துண்டில் அத்திவாரம் முடிந்தது. அளவுக் கயிறு பிடித்தது நானே. பத்தடிக்குப் பன்னிரண்டு. கோணல் இல்லை.

ஜூன் 5, வியாழன்

உத்தியோகத்தர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சப்பாத்தெல்லாம் சேறு. சுற்றி நடந்தார்.

"அப்பு, குசினிக்கு வடிவா அத்திவாரம் போட்டிருக்கிறியள். வீடு எங்கை?"

"இதுதாங்க ஐயா வீடு."

முன்பே எனக்குக் கொடுத்த வீட்டுப் படத்தை விரித்தார். நாலு கட்டம். "முன்னறை, ரெண்டு அறை, சமைக்கக் குசினி. இது உங்கடை வீடு, அப்பு. முழுக்க."

நாலு கட்டத்தையும் விரலால் எண்ணினேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். "படத்துல நாலு காம்பரா இருந்திச்சிங்க. லயம் மாதிரி நாலு குடும்பத்துக்குன்னு நெனச்சேன். நம்ம பங்கு ஒன்னுதானேன்னு…"

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். "செவ்வாய் திரும்பி வாறன். அப்பவும் இப்பிடியே கிடந்தா நான் கடன் இல்லையெண்டுதான் எழுத வேணும். உங்களுக்குப் பின்னாலை கனபேர் நிக்கினம்."

ஜூன் 6, வெள்ளி

பெண்சாதி மாரியாயி விடியும் முன்னே ஆரம்பித்தாள். "எழுதப் படிக்கத் தெரிஞ்சிருச்சுன்னு லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. படம் பாக்கத் தெரியல!"

செல்லையா: "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்லப்பா." அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

சரசு மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, பாறை ஒடச்ச கல்லு பின்னால கெடக்குதுல்ல? ஆளுதான் வேணும்."

ஆளுக்கு எங்கே போவது? அரிசி, மண்ணெண்ணெய், வெற்றிலை வாங்க வேண்டும். வாங்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

எங்கள் காணிக்குப் பக்கத்து வீடு பண்டா பாஸ். சிங்களக் கொத்தனார். நேற்று வேலியோரம் நின்று எல்லாம் கேட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம். பிறகு சொன்னார்: "பயவென்ன எப்பா, சீயா. பயப்பட வாணாம், தாத்தா. நம்ம ஆள் வாறது. காசு வாணாம். அறுப்புக்கு நீங்க எல்லாம் நம்ம வயலுக்கு வாங்க." அவர்கள் ஊரில் அப்படித்தான், கைக்குக் கை.

இன்று அவர் பக்கம் ஆறு பேர். லயத்திலிருந்து எட்டுப் பேர். கயிறு பிடிக்க என்னை விடவில்லை. "தாத்தா கயிறு புடிச்சா மறுபடி கோழிக்கூடுதான்!" எங்கள் லயத்து வேலம்மா சத்தம்போட்டுச் சொல்ல, எல்லோரும் சிரிப்பு. சிங்களத்தில் யாரோ மொழிபெயர்க்க, அந்தப் பக்கமும் சிரிப்பு. நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

இருட்டும்போது அத்திவாரம் மூன்று பக்கம் எழும்பியது.

ஜூன் 9, திங்கள்

பேய் மழை. மேட்டுப்பக்கம் மண் சரிந்து அத்திவாரத்துக்கு வெட்டிய கான் பள்ளம் மூடிவிட்டது. செல்லையா கடைக்குப் போகவில்லை. அவனும் பாஸும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மறுபடி வெட்டினார்கள். நான் வாளியால் தண்ணீர் இறைத்தேன். மகன் என் கையிலிருந்து வாளியைப் பிடுங்கி, "போய் உக்காருப்பா" என்றான். குரலில் வெள்ளிக்கிழமைக் கசப்பு இல்லை. அது போதும்.

கடைசி மூலை இன்னும் பாக்கி.

ஜூன் 10, செவ்வாய்

உத்தியோகத்தர் காலை வருவார் என்று பார்த்தோம். வரவில்லை. அதற்குள் மூலை முடிந்தது. மத்தியானமும் வரவில்லை. மாரியாயி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள், என்னவென்று சொல்ல மாட்டேன் என்கிறாள். மூன்று மணிக்குக் குடை தெரிந்தது.

நாடா பிடித்து அளந்தார். ஒவ்வொரு சுவருக்கும் குறித்தார். மேட்டு மூலையில் காலால் உதைத்துப் பார்த்தார். பாஸ் பீடியைக் கீழே போட்டார்.

"சரி, அப்பு. பத்து நாளுக்குள்ளை வங்கிக்குப் போங்கோ."

காலில் விழப் போனேன். தடுத்துவிட்டார்.

எல்லோரும் போன பின் மாரியாயி அத்திவாரத்துக்குள் இறங்கி நடந்தாள். குசினி பார்த்தாள். இது செல்லையாவுக்கு, இது நமக்கு என்று காட்டினாள். முன்னறை நடுவில் நின்றாள்.

"ஏங்க, இங்க யாரு படுக்கிறது?"

"யாரும் இல்ல. சும்மா உக்கார."

"சும்மா உக்காரவா ஒரு காம்பரா?"

கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். மழை தூறியது, எழவில்லை. இந்தியாவிலிருந்து தங்கச்சியை வரவழைக்கலாமா, ஆடு கட்டலாமா என்று யோசிக்கிறாள். அந்த அறைக்கு ஆள் பிடிக்காமல் விடமாட்டாள். அடுத்த கிழமைக்குள் யாரென்று முடிவு சொல்லுவாள், அதை எழுத வேண்டும்.